ஒரு வில்லை குறைகிறது

ஒயிட்ஃபீல்டில், பூட்டிக்கிடந்த ஆலையின் கொட்டகைக்குள்
எங்கள் ஊரை வைத்திருக்கிறார்கள்.
நுழைவு முந்நூற்றைம்பது. கம்பெனி கட்டிவிட்டது.
மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை
நாங்கள் ஒற்றுமையாக இருந்தாக வேண்டும்.

வாசலில் தலைக்கொரு ஹெல்மெட்.
பலகையின் ஆணியிலிருந்து ஆளுக்கொரு பித்தளை வில்லை.
எனக்கு 1147.
"திரும்பும்போது மாட்டிவிடுங்கள்,
அந்தக் காலத்தில் அப்படித்தானாம்"
என்கிறாள் வழிகாட்டிப் பெண்,
ஆங்கிலத்தில், பிறகு கன்னடத்தில்.
தமிழில் யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

கூண்டு கிறீச்சிடுகிறது.
தரை நடுங்க, சுவர்ப்படம் மேலே மேலே ஓட,
இறங்குவதாக நம்பிக்கொள்கிறோம்.
மூவாயிரம் மீட்டர் என்கிறது திரை.
ஒரு படிகூட இறங்கவில்லை என்று
என் கால் கட்டைவிரலுக்குத் தெரியும்.

கீழே ஏசி. இருபத்திரண்டு டிகிரி.

தொட்டால் சுடும் அந்தப் பாறை என்று
எங்கள் லைனில் கைக்குழந்தைக்கும் தெரியும்.
அப்பாவின் பனியனை மூன்று தண்ணீரில் அலசியும்
உப்பு போகாது.
அம்மா அதைச் சாபமாகவும் சொல்வாள்,
சம்பளக் கணக்காகவும் சொல்வாள்.

இங்கே பாறை தெர்மகோல்.
சுஹாஸ் தட்டிப் பார்க்கிறான். டொக்.
தங்கப் பெயின்டில் ஒரு ரேகை
கல்யாண மண்டபத்துக் கொடிபோல வளைந்து போகிறது.
நாங்கள் பார்த்த தங்கம் அப்படி இல்லை.
நாங்கள் பார்த்ததே இல்லை.

கடைசி அறையில் சுவரளவு புகைப்படம்:
வெளுத்த மணல்மேடுகள், மரமில்லை, ஆளில்லை.
"பாலைவனமா? ராஜஸ்தானா?" தீக்ஷா கேட்கிறாள்.
சயனைடு மண், என்கிறேன்.
தங்கத்தைப் பிழிந்தபின் துப்பிய சக்கை.
ஐந்து திணையிலும் சேராத பாலை.
காற்றடித்தால் சோற்றில் விழும்.
டூயட் எடுக்க வேன் வேனாக வருவார்கள்,
மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பார்ப்போம்.

"வாவ், நீ அந்த ஊரா ரூபி?
சொல்லவே இல்லையே!"

தினமும் சொல்கிறேன்.
நாலரைக்கு எழுந்து, மாரிக்குப்பம் வண்டியில்
நின்றுகொண்டே வந்து,
ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
ஒன்பது மணி மீட்டிங்கில், கொட்டாவியாக.

வெளியேறும் வழியில் மறுபடி அந்தப் பலகை.
வரிசையில் நின்று மாட்டுகிறார்கள்.
டிங். டிங். ஒருவன் செல்ஃபி எடுக்கிறான்.

பாறை வெடித்த ராத்திரி
லைனே போய் நின்றது பலகைக்கு முன்னால்.
யாரும் பெயர் சொல்லவில்லை.
ஆறு ஆணி காலி.
ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள், வில்லையோடு.
ஆறாவது ஆணி சின்னப்ப மாமாவுடையது.
பதினேழு நாள் தேடினார்கள், பிறகு
அதே எண்ணில் புது வில்லை அடித்து
அதே ஆணியில் மாட்டினார்கள்.
கணக்கு சரியாகிவிட்டது.

காவலாளி பையைத் திறக்கச் சொல்கிறார்.
ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்களை
வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்த ஊர் என் ஊர்.
பழக்கதோஷம், வாயையும் சேர்த்துத் திறந்துவிட்டேன்.
சிரித்துவிட்டார் பாவம்.
டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

மாலூர் தாண்டும்போது வாட்ஸ்அப் அதிர்கிறது.
யாரிடமாவது 1147 இருக்கிறதா?
உள்ளே ஒரு ஆள் இருப்பதாகக் கணக்கு காட்டுகிறதாம்,
பூட்ட முடியவில்லையாம்,
டார்ச்சோடு ஒவ்வொரு குகையாகப் பார்க்கிறார்களாம்.

எதிரே நிற்கிற பெண்
என் தோளில் தூங்கிப் போயிருக்கிறாள்.
அவள் விழிக்காமல் மூடியைத் திறக்கிறேன்.
எலுமிச்சைச் சோற்றின் மிச்சத்தில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது வில்லை.
ஒரு பருக்கையை எடுத்துவிட்டுத் துடைக்கிறேன்.

பதில் போடவில்லை.
தேடட்டும்.
விடியும்வரை தேடட்டும்.